இலவ மரங்களைப் பூவினால் அடையாளம் காணுதல்

போடிநாயக்கனூர் மலையடிவாரத்திலும், கடமலைக்குண்டு, வருசநாடு முதலிய பக்கங்களிலும் இலவ மரம் வளர்த்துப் பஞ்சு எடுப்பது நெடுநாளைய வழக்கம். மெத்தை, தலையணைகளுக்கு இப்பஞ்சே சிறந்ததென்று பெயர் பெற்றிருக்கிறது. இம்மரத்தோடு பழகிய குடியானவர்கள்கூட நாற்று வாங்கும்போது ஏமாற இடமுண்டு. இலவு என்று நம்பி நட்டு, நீர் விட்டு, வேலி கட்டி, நான்கைந்து வருஷங்கள் காத்திருந்தபின் அவற்றிற் சில முள்ளிலவு என்று தெரியவந்தால், போன காலத்தை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. முள்ளிலவின் பஞ்சும் மெத்தைக்கு உதவுவதேயாயினும் வர்த்தகத்தில் முதலிடம் இலவுக்கே. அன்றியும், முள்ளிலவின் காய் மரத்திலேயே வெடித்துப் பஞ்சைக் காற்றில் பறக்கவிடும். சாகுபடியிலுள்ள இலவின் காய் பெரும்பாலும் வெடிக்காமல் பறிப்பதற்குக் காத்திருக்கும்.

மரங்களைக் கணக்கில் எழுதும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. ‘இலவு’ என்று மாத்திரம் எழுதி வைத்தால், பிற்காலத்தில் மதிப்புக் கட்டும்போது அது பஞ்சுக்குரிய மரமா, தீக்குச்சிக்கு வெட்டும் மரமா என்ற விவகாரம் எழும்.

இலையைக் கண்டு தீர்மானிக்கலாமே எனில், இரண்டு மரங்களுக்கும் விரித்த கைவிரல்களைப் போன்ற கூட்டிலையே உள்ளது. முள்ளிலவில் ஒரு காம்புக்கு ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள். இலவில் ஐந்து முதல் ஒன்பது. ஏழு சிற்றிலைகளுள்ள ஓர் இலையை மட்டும் கையில் கொடுத்தால் தேர்ந்தவரும் தயங்குவர். முள்ளையும் நம்புவதற்கில்லை. முள்ளிலவின் இளமரத்தில் கூம்பு வடிவான தடித்த முட்கள் நெருங்கியிருப்பது உண்மை. ஆயினும் முள் உடைய இலவ மரங்களும் உண்டு. முள்ளிலவும் வயதேறும்போது அடிமரத்து முட்களை இழந்துவிடுகிறது. மண், நீர், நிழல், வயது இவற்றிற்கேற்ப இலையும் பட்டையும் மாறும். பூவோ செழித்த மரத்தில் சற்றுப் பெரிதாகவும் வாடிய மரத்தில் சற்றுச் சிறிதாகவும் இருக்கலாமேயன்றி, அதன் உறுப்புக்களின் எண்ணிக்கையும் சேர்க்கையும் எளிதில் மாறுவதில்லை. ஆகையால் தாவர சாஸ்திரிகள் செடியின் இனத்தைப் பூவைக் கொண்டே முதலில் நிச்சயிக்கிறார்கள்.

பூவின் உறுப்புக்கள் நான்கு வட்டங்களாக அமைந்தவை. வெளியே மொட்டை மூடிக் காப்பது புல்லிவட்டம். அதற்குள் நிறமுள்ள இதழ்களாலான அல்லிவட்டம். அதற்கும் உள்ளே மகரந்தப் பைகளைத் தாங்கும் மெல்லிய காம்புகள். இவற்றைக் கேசரங்கள் என்பர். நடுவில் நிற்பது சூல்முடி, சூல்தண்டு, சூற்பை என்னும் மூன்று பாகங்களையுடைய பெண்பாகம். பின்னர் காயாவது சூற்பையே. மற்ற உறுப்புக்களுக்கு மேலே சூற்பை இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதும் கவனிக்கத்தக்கது. பூசணிப் பெண்பூவில் பிஞ்சு பூவுக்குக் கீழே தெரிகிறது. கத்தரியிலோ பூவுக்குள்ளேயே பிஞ்சு இருக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட மரங்களெல்லாம் கத்தரியைப் போன்றவை. எனவே இவற்றைப் பிரித்தறிய முக்கியமாகப் பார்க்கவேண்டியவை கேசரங்களே.

இலவின் பூ சிறியது. ஓர் அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட நீளமிருக்கும். வெண்மையில் இலேசான மஞ்சள் கலந்த நிறம். இலையுதிர்ந்த கிளைகளில் கொத்துக் கொத்தாகத் தோன்றி இரவில் மலரும். வௌவால்கள் தேனுக்காக வந்து மகரந்தத்தைப் பரப்பும். இதழ்களை விலக்கினால் ஐந்தே கேசரங்கள், அடியில் ஒன்றாய்க் கூடி மேலே தனித்தனியே பிரிந்து நிற்பதைக் காணலாம்.

முள்ளிலவின் பூவோ உள்ளங்கையளவு பெரியது. இதழ்கள் தடித்துச் சதைப்பற்றாய்ச் சிவந்திருக்கும். புல்லி தடித்த கிண்ணம் போன்றது. கேசரங்கள் பல; ஒரு பூவில் அறுபதுக்குக் குறையாமல் எண்ணலாம். அவை அடியில் சேர்ந்து கற்றை கற்றையாக நிற்கும். சிவப்பு நிறமே போதாதா, கேசரத்தை ஏன் எண்ணவேண்டும் என்று சிலர் கேட்கலாம். முள்ளிலவிலேயே மஞ்சளும் ஆரஞ்சு நிறமுமான பூக்களைத் தரும் மரங்கள் அருமையாகவேனும் தோன்றுவதுண்டு. நிறத்தை நம்பியவன் அங்கே தடுமாறுவான், எண்ணியவன் தடுமாறான்.

வறண்ட குன்றுகளில் வளரும் கோங்கிலவு மூன்றாவது மரம். இதன் விதையிலும் பட்டுப்போன்ற பஞ்சு இருப்பதால் இதுவும் இலவோடு சேர்த்துப் பேசப்படுகிறது. இலை வேறு; கூட்டிலையன்று, ஆமணக்கைப் போல மடல் மடலாகப் பிரிந்த தனியிலை. இலையற்ற காலத்தில் பொன்னிறமான பெரிய பூக்கள் மலரும். கேசரங்கள் ஏராளம், ஆயின் அவை அடியில் கூடாமல் ஒவ்வொன்றும் தனியாகவே நிற்கும். மகரந்தப் பை நெடுக வெடிக்காமல் நுனியிலுள்ள துவாரத்தின் வழியே மகரந்தத்தை வெளிவிடும். இம்மரத்தைத் தணக்கு என்றும் கோங்கு என்றும் அழைப்பர். வேறொரு மரத்துக்கும் தணக்கு என்ற பெயருண்டு. கட்டட வேலைக்குப் பயன்படும் உறுதியான மரமொன்றும் கோங்கு எனப்படுகிறது. பெயரை மாத்திரம் கேட்டுப் பத்திரம் எழுதுவது எவ்வளவு ஆபத்தென்பது இதனால் விளங்கும்.

சாஸ்திரப் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. இலவின் பெயர் சீபா பென்டான்ட்ரா. முள்ளிலவின் பெயர் பாம்பாக்ஸ் சீபா. நாற்றுப் பட்டியலில் வெறும் ‘சீபா’ என்றிருந்தால் எதைக் குறிப்பதென்று தெரியாது. முழுப் பெயரையும் கேட்டு வாங்கவேண்டும். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் என்னும் சாஸ்திரி பெரும்பாலும் கேசரங்களின் எண்ணிக்கையையும் சேர்க்கையையும் கொண்டே தாவரங்களை 24 வகுப்புக்களாகப் பிரித்தவர். இவ்விரண்டு மரங்களுக்கும் 1753-ஆம் வருஷத்து நூலில் பெயர் கொடுத்தவரும் அவரே. பென்டான்ட்ரா என்பதற்கு ஐந்து கேசரங்களையுடையது என்பதே பொருள். அடையாளம் பெயரிலேயே அடங்கியிருப்பதை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

இனி, இதைக் காரியத்தில் கொண்டுவரும் வழி. நாற்றுக்குப் பூ இல்லை. காய் முற்றும்போதும் பூ இல்லை. ஆகவே தாய்மரத்தைப் பூக்காலத்திலேயே பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இலவு மார்கழி முதல் மாசி வரையிலும், முள்ளிலவு தை முதல் பங்குனி வரையிலும் பூக்கும். இடத்தையும் மழையையும் பொறுத்து முன்பின் ஆகும். தை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை தோப்புக்குச் சென்றால் மரத்தில் ஏற வேண்டுவதில்லை. அடியில் உதிர்ந்து கிடக்கும் பூக்களே போதும். இரண்டு மரங்களின் கிளைகள் கலந்திருக்குமிடத்தில் மட்டும் துறட்டியால் கிளையிலிருந்தே பூவைப் பறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாறு பூக்களைப் பிரித்துக் கேசரங்களை எண்ணிப் பார்த்து, ஐந்தே உள்ள மரத்தின் அடியில் வர்ணம் தீட்டிவிட்டு, காய் முற்றும் பங்குனி சித்திரையில் அம்மரத்தினின்றே விதை எடுக்கலாம். விதை வேண்டாதவர்கள் அம்மரத்தின் போத்துக்களை வெட்டி நடலாம். கணக்கு எழுதுவோரும் பூக்காலத்தில் ஒருமுறை பார்த்து, இலவு அல்லது முள்ளிலவு என்று தெளிவாகக் குறித்துக்கொள்வது நலம்.

பருத்தி சாகுபடி செய்வோருக்கும் இம்முறை உதவும். இலவில் பஞ்சு காயின் உட்சுவரிலிருந்து வளர்வதால் கொட்டை எளிதில் பிரிகிறது; பருத்தியில் அது விதைத் தோலிலேயே வளர்வதால் அரைவை வேண்டியிருக்கிறது. பருத்திப் பூவின் கேசரங்கள் குழாயாகக் கூடிச் சூல்தண்டைச் சூழ்ந்திருக்கும். வெண்டை, பூவரசு, செம்பருத்தியிலும் அப்படியே. இந்தக் குடும்ப லட்சணம் எல்லாப் பருத்திக்கும் பொதுவாதலால் பருத்தி இனங்களைத் தம்முள் பிரிப்பதற்கு அது உதவாது. அதற்குச் சப்பையை மூடியிருக்கும் மூன்று பச்சைச் செதில்களைப் பார்க்கவேண்டும். கருங்கண்ணியில் செதில் அகலத்தைவிட நீளம் மிகுந்து, பற்களில்லாமலோ நுனியில் மூன்று நான்கு பற்களோடோ காயை ஒட்டியிருக்கும். உப்பம் பருத்தியில் அது அகன்று, ஆறு முதல் எட்டுப் பற்களோடு வெளியே விரிந்து நிற்கும். கம்போடியா வர்க்கத்தில் ஏழு முதல் பன்னிரண்டு நீண்ட பற்கள் ஆழமாகப் பிளந்திருக்கும். முதலிரண்டின் உயிரணுவில் 26 நிறக்கோல்களும், கம்போடியாவில் 52-ம் உள்ளன. ஆதலால் கருங்கண்ணியும் கம்போடியாவும் கலந்து பிறக்கும் செடி மலடாகும். விதைக்காக விடும் வயலில் பூக்கும் தருணத்தில் நடந்து, செதில் மாறுபட்ட செடிகளைப் பிடுங்கிவிடுவது அதிகச் செலவில்லாத காரியம். இங்கும் நிறம் ஏமாற்றும்: கம்போடியாவின் வெளிறிய இதழ் மறுநாளே சிவந்துபோகும்.

பூ சொல்லக்கூடியதற்கு எல்லை உண்டு. அது இனத்தைச் சொல்லும். ஓர் இனத்துக்குள் உள்ள ரகங்களைப் பெரும்பாலும் சொல்லாது. 2002-ஆம் வருஷத்தில் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியை அதே வர்க்கத்து மற்றப் பருத்தியிலிருந்து பூவைக் கண்டு பிரிக்க முடியாது. அடுக்குச் செம்பருத்தி போன்றவற்றில் கேசரங்களே இதழ்களாக மாறிவிடுவதால் அங்கே எண்ணிக்கை பொய்க்கும். ஒற்றைப் பூவையே பார்க்கவேண்டும்.

சந்தேகம் தீராதபோது மாதிரியைப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ, கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல நிலையத்திலோ காட்டலாம். வெறும் இலையை அனுப்புவதால் பயனில்லை. பூவும் மொட்டும் உள்ள ஒரு முழக் கிளையைப் பழைய செய்தித்தாள்களுக்கிடையில் பரப்பி, மேலே கனம் வைத்து, தாளைத் தினந்தோறும் மாற்றி உலர்த்தவேண்டும். முள்ளிலவின் பூ சதைப்பற்றானதால் நெடுக்கே இரண்டாகப் பிளந்து வைத்தாலன்றிப் பூஞ்சணம் பூத்துக் கெடும். இலையற்ற காலத்தில் எடுத்த பூங்கிளையானால் அம்மரத்திலேயே அடையாளமிட்டு, துளிர்த்தபின் இலைக் கிளை ஒன்றையும் எடுத்துச் சேர்த்து அனுப்ப வேண்டும். பூவின் நிறம், கேசரங்களின் எண்ணிக்கை, மரத்தின் உயரம், ஊர், தேதி, அவ்வூரில் வழங்கும் பெயர் இவற்றைப் பறித்த அன்றே ஒரு சீட்டில் எழுதிக் கிளையோடு கட்டிவிடுக. உலர்ந்தபின் நிறம் தெரியாது.