கேம் கம்பெனியில் என்ன வேலை?

“கேம் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு” என்று பையனோ பெண்ணோ வந்து சொன்னால், வீட்டில் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. “விளையாடறதுக்கா சம்பளம் தராங்க?” என்பது ஒன்று. “ரம்மியாடா?” என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தெலங்கானா 2017லேயே தடை செய்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதற்குமே சட்டம் வந்துவிட்டது. ஹைதராபாத்தில் மாதாப்பூர், கச்சிபௌலி பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்களில் கேம் செய்கிறவர்களின் தொழில் வேறு.

முதல் கேள்வியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்து விளையாடும் ஆட்கள் அங்கே உண்டு. டெஸ்டர் என்று பெயர். கியூ.ஏ. என்றும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் ஜெயிப்பதற்காக ஆடுவதில்லை. கார் பந்தய கேம் என்றால், டெஸ்டர் காரைத் திருப்பி எதிர்த்திசையில் ஓட்டுவார். ஓரச்சுவரில் ஓரிடம் விடாமல் மோதிப் பார்ப்பார். எங்காவது ஒட்டாமல் விட்ட இடுக்கு இருந்தால் கார் அதற்குள் புகுந்து, சாலைக்கு அடியில் ஒன்றுமில்லாத வெளியில் விழுந்துகொண்டே இருக்கும். அந்த இடுக்கைக் கண்டுபிடிக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

இதையே கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பந்தயத்தின் நடுவில் போன் கால் வருகிறது. பேசிவிட்டுத் திரும்பினால் கார் ஓடுகிறது, ஆனால் சத்தம் இல்லை. மறுபடி செய்து பார்த்தால் சத்தம் வருகிறது. பத்துத் தடவை செய்ததில் மூன்று தடவை மட்டும் போகிறது. “சில சமயம் சத்தம் வரவில்லை” என்று எழுதி அனுப்பினால், புரோகிராமர் தன் போனில் ஒருமுறை பார்த்துவிட்டு “இங்கே நன்றாகத்தான் இருக்கிறது” என்று அந்தப் புகாரை மூடிவிடுவார். அதனால் டெஸ்டர் எழுதும் விதமே வேறு. எந்த மாடல் போன், ஆண்ட்ராய்டின் எந்தப் பதிப்பு, கேமின் எந்த பில்ட், என்னென்ன வரிசையில் செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, பத்துக்கு எத்தனை தடவை என்று எல்லாம் இருக்கும். கெட்டிக்கார டெஸ்டர் அதோடும் நிறுத்த மாட்டார். அந்த மூன்று தடவையில் மட்டும் என்ன வித்தியாசம் என்று துருவுவார். புளூடூத் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசியபோதுதான் சத்தம் போயிருக்கிறது! இப்போது அது பத்துக்குப் பத்து ஆகிவிட்டது. இனி புரோகிராமர் தப்பிக்க முடியாது. விளையாடுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

இந்தத் தொழிலை ஹைதராபாத் பழகியது பட்டன் போன் காலத்தில். ஜாம்டாட் என்ற அமெரிக்க மொபைல் கேம் நிறுவனத்துக்கு இங்கே ஒரு ஸ்டுடியோ இருந்தது. அந்த நிறுவனத்தைச் சுமார் 68 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2005 டிசம்பரில் அறிவித்தது. ஹைதராபாத் ஸ்டுடியோவும் சேர்ந்து கைமாறியது. பிரெஞ்சு நிறுவனமான கேம்லாஃப்டும் இந்த ஊரில் ஸ்டுடியோ நடத்தியிருக்கிறது. அன்றைக்கு மொபைல் கேம் என்றால் பெரும்பாடு போர்டிங்தான். ஒரு போனுக்காக எழுதிய கேமை நூற்றுக்கணக்கான மாடல்களுக்கு மாற்றித் தருவது. ஒன்றின் திரை இன்னொன்றுக்குப் பொருந்தாது, பட்டன்களும் பொருந்தாது. நோக்கியாவின் சிறிய போன்களில் திரையே 128க்கு 128 புள்ளிகள்தான். கேம் மொத்தமும் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். காலையில் வாட்ஸாப்பில் வந்து விழும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரியது.

அதற்குள் ஒரு முழு கேமை எப்படி அடைத்தார்கள்? வலது பக்கம் பார்க்கும் வீரனை மட்டும் வரைவார்கள். இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் போனே படத்தைக் கண்ணாடிபோலப் புரட்டிக்கொள்ளும். சிவப்பு எதிரிக்கும் நீல எதிரிக்கும் படம் ஒன்றே, நிறப்பட்டியல் மட்டும் மாறும். மேகம், மரம், கல் எல்லாம் ஒரே படக்கோப்பில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எதைத் தூக்கினால் ஆட்டக்காரருக்குத் தெரியாது என்ற கணக்கு அந்தத் தலைமுறைக்குக் கைவந்த கலை. கேம் தொழிலின் உண்மையான பள்ளிக்கூடம் அதுதான் என்பது என் எண்ணம்.

ஸ்மார்ட்போன் வந்ததும் இடப் பற்றாக்குறை குறைந்தது. நேரப் பற்றாக்குறை அப்படியே நின்றது. திரையில் அசைவு வழுக்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டும். அதாவது ஒரு ஃப்ரேமுக்கு 16.67 மில்லி விநாடி. அதற்குள் விரல் எங்கே பட்டது என்று பார்த்து, கார் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டு, எதிரி என்ன செய்வான் என்று முடிவெடுத்து, படத்தை வரைந்து, சத்தத்தையும் எழுப்பியாக வேண்டும். கண் இமைக்கும் நேரத்துக்குள் குறைந்தது ஆறு தடவை இத்தனையும் நடக்கிறது. ஒரு தடவை 20 மில்லி விநாடி ஆகிவிட்டாலும் படம் வெட்டும்.

அதனால்தான் கேம் கம்பெனி மீட்டிங்குகளில் ஓவியருக்கும் புரோகிராமருக்கும் ஓயாத வழக்கு. மரத்தில் இன்னும் கொஞ்சம் இலை வேண்டும் என்பார் அவர். தர மாட்டேன் என்பார் இவர். சமாதானமாக, தூரத்தில் தெரியும் மரத்துக்கு எளிய மாடல், கிட்டே வரும்போது மட்டும் விவரமான மாடல் என்று முடிவாகும். கேமராவுக்குப் பின்னால் இருக்கும் ஊரையே வரைய மாட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் போன் சூடேறினால் அதன் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏசி அறையில் வெண்ணெயாக ஓடிய கேம், மே மாத ஹைதராபாத்தில் பஸ் நிறுத்தத்தில் திக்கும்.

டிசைனர் என்பவரின் வேலை இன்னொரு ரகம். படம் வரைகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டத்தின் விதிகளை எழுதுகிறவர் அவர். மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகு குதிக்கும் பட்டனை அழுத்தினாலும் பல கேம்கள் நம்மைக் குதிக்க விடுகின்றன. நான்கைந்து ஃப்ரேம் சலுகை. கணக்குப்படி நாம் விழுந்திருக்க வேண்டும். ஆனால் சரியாக விழவைத்தால், “நான் அழுத்தினேனே, கேம்தான் கேட்கல” என்று ஆட்டக்காரர் போனை வீசுவார். சலுகை எத்தனை ஃப்ரேம் என்பதை மாற்றி மாற்றிப் போட்டு நாள்கணக்கில் பார்ப்பார்கள்.

தலைமையகம் கலிஃபோர்னியாவில் இருந்தால் நாளின் கடைசி வேலை அவர்களோடு போன் கால். கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், அங்கே நவம்பரில் கடிகாரத்தை மாற்றியதும் பதிமூன்றரை. இங்கே இரவுச் சாப்பாட்டு நேரமும் ஒரு மணி தள்ளிப் போகும். வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் வீட்டுக்குப் போகும் நேரமே தள்ளிப் போகும். அதற்கு ‘கிரஞ்ச்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தால் பழகிவிடும் என்ற நினைப்புபோல. பிறர் கேமுக்காக ஒப்பந்தத்தில் உழைத்தவர்களின் பெயர், கேம் முடிவில் ஓடும் பட்டியலில் வராமல் போவதும் இந்தத் தொழிலின் பழைய குறை.

பிறர் கேமைச் செய்து பழகிய ஊர் தன் கேமையும் செய்து பார்த்தது. 2009ல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் செய்தது. தெய்வத்தைப் பட்டன் அழுத்தி ஆட்டுவிப்பதா என்று எதிர்ப்பும் கிளம்பியது. அதே ஆண்டில் கேம்சாஸ்திரா நிறுவனம் கபடி, கில்லி, பட்டம் எல்லாம் சேர்த்து ‘தேசி அட்டா’ செய்தது. பிளேஸ்டேஷன் 2ன் முதன்மை நினைவகம் 32 மெகாபைட். பட்டன் போனில் சிக்கனம் பழகிய ஊருக்கு அதுவே தாராளம்தான். 2017ல் ஓகர் ஹெட் என்ற சிறிய ஸ்டுடியோ ‘அசுரா’வை வெளியிட்டது. செத்துச் செத்து மறுபடி தொடங்கும் சண்டை கேம் அது. கிரிக்கெட் கேமான ஹிட்விக்கெட்டும் இந்த ஊர்தான். 2020ல் மத்திய அரசின் ஆத்மநிர்பர் செயலிப் போட்டியில் கேம் பிரிவில் வென்றது. ஹிட்விக்கெட் மாதிரி கேம்களுக்கு வெளியீட்டு நாள் முடிவல்ல. பண்டிகைக்கு ஒரு போட்டி, ஐ.பி.எல். சமயத்தில் இன்னொன்று என்று வாராவாரம் ஏதாவது புதிதாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்றே தனிக் குழு உண்டு.

இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் யூனிட்டியோடு சி ஷார்ப்போ, அன்ரியலோடு சி பிளஸ் பிளஸ்ஸோ படிக்கலாம். வரைகிறவர்களுக்கு பிளெண்டர் இலவசம். சான்றிதழைவிட, முழுதாக முடித்த ஒரு குட்டி கேம் அதிகம் பேசும். பாதியில் நிற்கும் பெரிய கேமை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பட்டனும் ‘மறுபடி ஆடு’ பட்டனும் ஒழுங்காக வேலை செய்கிற சின்ன கேமைக் கொண்டுவருபவர் குறைவு.