ஐயமும் கயிறு சாத்தலும்

மொரப்பூர் அன்பர் ஒருவர், முன்னோர் விட்டுச் சென்ற மானாவாரிப் புன்செயை விற்று மகனுடன் அயலூரில் வாழ்வதா, அன்றி அதனைப் போற்றி அங்கேயே இருப்பதா எனத் துணியமாட்டாது, திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்தல் தகுமோ என வினவுகின்றார். அம்மன் திருமுன் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொதிந்து வைத்துக் குழந்தை கையால் எடுப்பிக்கும் வழக்கினின்று இஃது எவ்வாற்றான் வேறாகும் என்பதும் அவர் வினா. புறத்தோற்றத்தால் ஒப்புமை உண்டு. பாரசீகர் ஹாபிசின் பாடற்றொகையையும், பண்டை உரோமர் வெர்ஜிலின் காவியத்தையும் பிரித்துக் கண்ணிற்பட்ட அடியைக் குறியாகக் கொண்டதும் இவ்வினமே. ஆயினும் நம் மரபிற்கு முதன்மைச் சான்றாகிய வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு வேறொன்று புலனாம்.

திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் திருத்துறையூர் சென்று, தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தார். பண்டிதர் திருமுறையை வழிபட்டு ஏடுகளிடையே கயிறு சாத்தினார். திருஞானசம்பந்தரது திருவெண்காட்டுப் பதிகத்தில், அத்தலத்து முக்குள நீராடுவார் மகப்பேறு முதலியன எய்துவர் எனும் பொருளுடைய திருப்பாட்டு வந்தது. களப்பாளரும் மனைவியாருடன் திருவெண்காடு அடைந்து சூரியன், சந்திரன், அக்கினி எனும் மூன்று தீர்த்தங்களிலும் ஆடி வழிபட்டிருந்தார். ஓரிரவு இறைவன் கனவில் தோன்றி, இப்பிறப்பில் மகப்பேறு பெறும் வினைப்பயன் நினக்கில்லை என்றருளினான்.

ஈண்டுத்தான் வரலாற்றின் உயிர்நிலை உளது. கயிறு சாத்தியதனால் களப்பாளரது இடர்ப்பாடு தீர்ந்திலது. மிக்கது என்றே கூறல் வேண்டும். பதிகம் ஒன்று கூறக் கனவு மற்றொன்று கூறிற்று. அவர் மீண்டும் திருத்துறையூர் சென்று மற்றொரு முறை கயிறு சாத்துவித்தாரல்லர். சம்பந்தர் திருவாக்கைத் தெளிந்தே வந்தேன். இப்பிறப்பில் இல்லையேல் வரும் பிறப்பிலேனும் பயன் எய்துக என்று அங்கேயே தங்கினார். பின்னர்ப் பிறந்த மகவே சுவேதவனப்பெருமாள் எனப்பட்ட மெய்கண்டார். தாம் விரும்பிய விடை வருங்காறும் ஏட்டைப் புரட்டுவாரை இக்காலத்தும் காண்கின்றோம். அவர்பால் உள்ளது ஐயம் அன்று; முன்னரே செய்துகொண்ட முடிவிற்குச் சான்று தேடும் அவா.

இனி, கயிறு சாத்திய பண்டிதர்தம் செய்தியும் நோக்கற்பாலது. தம் மாணாக்கர் ஒரு சிறு பிள்ளையிடம் பாடங் கேட்கச் செல்வதை அறிந்தபோது, முதுபேராசிரியராகிய அவர்க்கும் துணிதற்கரிய நிலை நேர்ந்தது. அப்போது அவர் ஏட்டை நாடினார் என வரலாறு கூறவில்லை. நேரே திருவெண்ணெய்நல்லூர் சென்று, ஆணவமலத்தின் இயல்பு யாதென அப்பிள்ளையையே வினவினார். விடை, தம்மையே சுட்டிய ஒரு நோக்காக வந்தது. பணிந்து அருணந்தி எனும் பெயர் பெற்றார். சென்று கேட்டு அறியக்கூடியதை அவர் சென்று கேட்டே அறிந்தார். அளவைகள் பலவற்றையும் காட்சி, கருதல், உரை என மூன்றனுள் அடக்கிய சிவஞான சித்தியாரின் ஆசிரியர் வேறெங்ஙனம் செய்வார்!

ஆதலின் மொரப்பூர் அன்பர் முதற்கண் கிணற்றின் நீரளவும், கடனும் வட்டியும், மகனது வருவாயின் உறுதியும் நேரிற் கண்டு தெளிக. மனைவியார் கருத்தையும் கேட்க. கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இவற்றின் பின்னும் இரண்டு பக்கமும் ஒத்து நிற்குமாயின் கயிறு சாத்துதலில் தடையில்லை. வரும் திருப்பாட்டு மழை பெய்யும் நாளையோ நிலத்தின் விலையையோ உரைக்கமாட்டாது. சாத்துவதாயின் ஒரு முறையே சாத்துக.