மலைக்குப் போகிறவரின் பை: மளிகைக் கடைக்காரர் அறிய வேண்டியவை

வெள்ளிக்கிழமை மாலையிலும் சனிக்கிழமை காலையிலும் நமது கடைகளுக்கு ஒரு புதிய வகை வாடிக்கையாளர் வருகிறார். முதுகில் பை, காலில் கனத்த காலணி, கூட நான்கைந்து நண்பர்கள். “அண்ணாச்சி, ரெண்டு நாளைக்கு மலைக்குப் போறோம், என்ன வாங்கிட்டுப் போகலாம்?” என்று கேட்கிறார். நாம் பெரும்பாலும் கைக்கு எட்டிய பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம், தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை எடுத்து வைத்து, கணக்குப் போட்டு அனுப்பிவிடுகிறோம்.

வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலை போன்ற மலைகளுக்குப் பக்தர்கள் ஏறுவது நெடுங்கால வழக்கம். அவர்களுக்குக் கட்டுச்சோறும் சுக்கும் வெல்லமும் எடுத்துக் கொடுத்த கடைகள் அடிவாரங்களில் தலைமுறைகளாக உள்ளன. இப்போது கோயிலுக்காக அல்லாமல், நடப்பதற்காகவே வார இறுதியில் அருகிலுள்ள மலைக்குச் செல்லும் இளைஞர்களும் குடும்பங்களும் பெருகியுள்ளனர். தமிழக அரசும் 2024 அக்டோபர் 24 அன்று ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி, 40 மலையேற்றப் பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரித்து அறிவித்தது. ஆகவே இந்த வாடிக்கையாளர் இனி அடிக்கடி வருவார். அவருடைய பையில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்பதை நாம் தெரிந்து வைத்திருந்தால் நமக்கும் வியாபாரம், அவருக்கும் பாதுகாப்பு.

சுமைதான் முதல் கணக்கு

கடையில் நாம் எடை பார்ப்பது விலைக்காக. மலையேறுபவர் எடை பார்ப்பது முதுகுக்காக. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அரை நாள் ஏற்றத்துக்கு ஒருவருக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் தண்ணீர் தேவை. அதாவது தண்ணீரே இரண்டு, மூன்று கிலோ ஆகிவிடுகிறது. மாற்றுத் துணி, போர்வை, டார்ச் விளக்கு எல்லாம் சேர்ந்தால் பை ஐந்து கிலோவைத் தாண்டும். அதற்கு மேல் உணவையும் கனமாகக் கட்டினால், பழக்கம் இல்லாதவர் இரண்டாவது மணி நேரத்திலேயே உட்கார்ந்துவிடுவார்.

மேட்டில் ஏறும் நேரத்தையும் நகரத்துக்காரர் குறைத்தே மதிப்பிடுவார். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன எளிய கணக்கு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது பழகிய காலுக்குரிய கணக்கு. நமது வெயிலுக்கும், வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்தவரின் காலுக்கும் இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். “மதியத்துக்குள் இறங்கிவிடுவோம்” என்று சொல்பவர் மாலையில்தான் இறங்குவார் என்று வைத்துக்கொண்டு, ஒரு வேளை உணவு கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்வதே சரி.

குறைந்த எடையில் நிறைந்த உணவு

இங்கேதான் நமது பழைய மளிகைச் சரக்கு கைகொடுக்கிறது. சமைத்த சாதம் 100 கிராமில் சுமார் 130 கலோரி சக்திதான் உண்டு. மீதியில் பெரும்பங்கு தண்ணீர். அதே 100 கிராம் வறுத்த நிலக்கடலையில் 550 கலோரிக்கு மேல் உண்டு. கடலை மிட்டாயில் சுமார் 500, பொட்டுக்கடலையில் சுமார் 370, வெல்லத்தில் சுமார் 380, பேரீச்சம்பழத்தில் சுமார் 280.

ஒருவருக்கு 100 கிராம் கடலை மிட்டாய், 100 கிராம் பேரீச்சை, பொட்டுக்கடலையும் வெல்லமும் கலந்து 100 கிராம் என்று கட்டிக் கொடுத்தால், மொத்தம் 300 கிராம் எடையில் ஏறத்தாழ 1,150 கலோரி கிடைக்கிறது. இதே சக்தியைச் சாதத்தில் சுமக்க வேண்டுமானால் முக்கால் கிலோவுக்கு மேல், ஏறக்குறைய 900 கிராம் கட்ட வேண்டும். மேலும் இந்தப் பண்டங்கள் கெடாது, சிந்தாது, அடுப்பு கேட்காது, நடந்துகொண்டே கொறிக்கலாம். அவலும் அப்படியே. தண்ணீரில் ஊறவைத்து நாட்டுச் சர்க்கரை போட்டால் இரவு உணவு முடிந்தது. புளியோதரை முதல் நாள் மதியத்துக்கு நல்லது. தயிர் சாதம் வெயிலில் புளித்துவிடும். காலையிலேயே சாப்பிட்டுவிடச் சொல்லலாம். தேங்காய் சேர்த்த பலகாரமும் வேண்டாம்.

கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. மலைப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பண்டத்தைத் தேடி நாம் எங்கும் போக வேண்டியதில்லை. விலை உயர்ந்த ‘எனர்ஜி பார்’ கேட்டு வருபவரிடம் இரண்டையும் எடுத்து வைத்து, எடையையும் விலையையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். அவரே முடிவு செய்துகொள்வார்.

சிப்ஸ் பாக்கெட் பையில் இடத்தை அடைக்கும், தாகத்தையும் கூட்டும். பளபளக்கும் பாக்கெட்டைப் பார்த்தால் குரங்குகளும் விடாது. பலாப்பழம், வாழைத்தார் போன்ற மணமுள்ள பழங்களைக் கூடாரத்தில் வைத்திருப்பது யானையை அழைப்பதற்குச் சமம். ஓரிரு வாழைப்பழம் போதும். அதையும் பகலிலேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

தண்ணீரும் உப்பும்

மலையில் தளர்ந்து விழுபவர்களில் பலர் பசியால் விழுவதில்லை. வியர்வையில் நீரும் உப்பும் போய்விடுவதால் கெண்டைக்கால் இழுக்கிறது, தலை சுற்றுகிறது, குமட்டுகிறது. உப்பு இல்லாமல் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தாலும் தொல்லைதான்; இரத்தத்தில் உப்பின் அளவு மேலும் இறங்கிவிடும்.

இதற்கு நமது கடையிலேயே மருந்து இருக்கிறது. சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. இந்த அளவு உலகெங்கும் சுகாதாரத் துறையினர் வீட்டு வைத்தியமாகச் சொல்லித் தருவது. எலுமிச்சை பிழிந்துகொண்டால் குடிக்க இதமாக இருக்கும். உப்பு மட்டும் அளவு தவறக் கூடாது. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்சு நோய் உள்ளவர்கள் ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது தொடர்பாக ஒரு எச்சரிக்கை. ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கிப் பல இனிப்புப் பானங்கள் கடைகளில் விற்பனையாகி வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரிக்கப்படாத எந்தப் பானமும் அந்தப் பெயரைத் தாங்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. அளவுக்கு மிஞ்சிய சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கூட்டும் என்பதே காரணம். அப்படிப்பட்ட பழைய சரக்கு அலமாரியில் இருந்தால் உடனே விநியோகஸ்தரிடம் திருப்பிவிடுங்கள். உண்மையான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கேட்பவரை மருந்துக் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

பொட்டலம் கட்டும் முறை

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. கைப்பை, உணவு கட்டும் தாள், டம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட் ஆகியவை அதில் அடங்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை உண்டு. சோதனைச் சாவடியில் நமது வாடிக்கையாளரின் பையிலிருந்து பாட்டில்களை எடுத்துப் போட்டால் அவர் திட்டப்போவது சாவடிக்காரரை மட்டுமல்ல, விற்ற நம்மையும்தான். அந்தப் பக்கம் போகிறவர் என்று தெரிந்தால் எவர்சில்வர் பாட்டிலை எடுத்துக் காட்டுங்கள். அதில் லாபமும் கூடுதல்.

பிளாஸ்டிக் வேண்டாம் என்று செய்தித்தாளுக்குத் திரும்பிவிடவும் கூடாது. 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல ஒழுங்குமுறைகள், உணவுப் பண்டத்தைச் செய்தித்தாளில் கட்டுவதைத் தடுக்கின்றன. அச்சு மை வயிற்றுக்கு ஆகாது. அச்சில்லாத பழுப்புத் தாள், மந்தாரை இலை, வாழை இலை, துணிப்பை ஆகியவையே நமக்கு வழி. 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் நாம் மறந்துபோன பழக்கத்தைத்தான் திருப்பிக் கொண்டுவந்தது.

சில கடைகள் ‘மலைப் பயணப் பை’ என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி விற்க நினைக்கலாம். நல்ல யோசனையே. ஆனால் முன்கூட்டியே கட்டி வைத்து விற்றால் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் பொருந்தும். கட்டியவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் தெரிவிக்க வேண்டிய முகவரி எல்லாம் அச்சிட வேண்டும். சிறு கடைக்கு எளிய வழி, பட்டியலைச் சுவரில் எழுதி வைத்து, வாடிக்கையாளர் கண்முன்னே நிறுத்துக் கொடுப்பதுதான்.

தீப்பெட்டி கேட்டால்

2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடி அருகே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்தவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் கொங்கு மாவட்டங்களிலிருந்தும் வார இறுதி நடைக்காக வந்தவர்கள் அவர்கள். மார்ச் மாதத்தில் மலைப்புல் காய்ந்து சருகாகிக் கிடக்கும். காற்று வீசினால் தீ மேட்டில் மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். மருத்துவமனைகளில் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரையிலான தீக்காலத்தில் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவிடுகிறது.

ஆகவே மலைக்குப் போகிறேன் என்று சொல்பவர் தீப்பெட்டி, கற்பூரம், மண்ணெண்ணெய், அடுப்புக்கரி கேட்டால், “காட்டுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது தம்பி, சமைக்காமலே சாப்பிடுகிற சரக்கு தருகிறேன்” என்று ஒரு வார்த்தை சொல்வது நமது கடமை. காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். பீடி, சிகரெட்டும் அப்படியே. தீப்பெட்டிக்குக் கிடைக்கும் லாபம் சில்லறைக் காசு. அந்தக் காசுக்காக வாய்மூடி இருக்க வேண்டாம். வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி வேண்டாம். டார்ச் விளக்கும் ஒரு ஜோடி கூடுதல் பேட்டரியும் கொடுங்கள்.

அனுமதியும் கூடாரமும்

காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் கூடாரம் அடித்துத் தங்குவதும் சட்டப்படி குற்றம். அரசு அறிவித்த பாதைகளில் முன்பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியுடன் செல்வதே முறை. இரவு தங்க நினைப்பவர் வனத்துறையின் ஓய்வு இல்லத்திலோ, உரிமம் பெற்ற இடத்திலோ தங்கலாம். தனியார் இடம் என்றாலும் காட்டோரத்தில் எச்சரிக்கை வேண்டும். 2021 ஜனவரியில் கேரளத்தின் வயநாட்டில், விடுதியொன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்தார்.

மழைக்கும் இதே கவனம் தேவை. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தனர். அடிவாரத்தில் தூறல் இல்லாவிட்டாலும் மேலே பெய்த மழை ஓடையில் பாய்ந்து வரும். மலையில் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் இரண்டு டிகிரி குளிர் கூடும் என்பதால், கொல்லிமலைக்குப் போகிறவருக்கும் ஒரு கம்பளிக் குல்லாய் தேவைப்படும். மழைக்காலத்தில் அட்டை ஏறும் இடங்களுக்குச் செல்பவர் உப்புப் பொட்டலமும் வேப்பெண்ணெயும் கேட்பார். இரண்டும் நம்மிடம் உள்ளவையே.

அடிவாரக் கடைகள் செய்ய வேண்டியது

பூண்டி, தாணிப்பாறை, குரங்கணி, காரவள்ளி, தென்மாதிமங்கலம் போன்ற அடிவார ஊர்களின் கடைகளுக்கு ஊரின் நிலைமை முதலில் தெரியும். எந்தப் பாதை மூடியிருக்கிறது, எங்கே யானை நடமாட்டம், நேற்று எங்கே மழை என்ற செய்தி கல்லாவில் இருப்பவருக்கு வந்துசேரும். அதை ஒரு கரும்பலகையில் எழுதி வாசலில் வைப்பதற்குச் செலவில்லை. வனத்துறையின் தொலைபேசி எண்ணையும் அருகிலுள்ள மருத்துவமனையின் பெயரையும் அதிலேயே எழுதலாம். காலிப் பாக்கெட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்து போட ஒரு கூடை வையுங்கள். குப்பையைப் போட வருபவர் ஒரு டீயாவது குடிக்காமல் போகமாட்டார்.

நகரத்து மொத்த வியாபாரிகள் அடிவாரக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும்போது, வெள்ளிக்கிழமைக்குள் கடலை மிட்டாய், பேரீச்சை, அவல், பேட்டரி போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தீக்காலத்தில் பாதைகள் மூடியிருக்கும் என்பதால் அந்த இரண்டு மாதங்களுக்குக் கொள்முதலைக் குறைத்துக்கொள்ளுங்கள். காலாவதித் தேதி நெருங்கிய சரக்கை “ஊருக்குப் புதியவர்தானே” என்று தள்ளிவிடும் பழக்கம் எங்காவது இருந்தால் அது ஒழிய வேண்டும். மலை உச்சியில் வயிறு கெட்டவருக்கு வைத்தியசாலை கிடையாது.

வணிகப் பெருமக்களே, ஒரு மலையில் விபத்து நடந்தால் பாதை மூடப்படுகிறது. பாதை மூடினால் வழிகாட்டிக்கு வேலை இல்லை, வண்டிக்காரருக்கு வாடகை இல்லை, அடிவாரக் கடைக்கு விற்பனை இல்லை. மலையேறப் போகிறவர் நலமாக இறங்கி வருவதில்தான் நமது அடுத்த வாரத்து வியாபாரம் இருக்கிறது. அவர் கடைசியாகப் பேசிவிட்டுப் போகும் மனிதர் பல சமயங்களில் கடைக்காரராகிய நாம்தான். சரக்கை நிறுத்துக் கொடுக்கும்போது நாலு நல்ல வார்த்தையும் சேர்த்துக் கொடுப்போம்.