பழைய ஆர்15-க்கு டயரும் பாகங்களும்: ஒரு செலவுக் கணக்கு

யமஹா ஆர்15 முதல் பதிப்பு 2008-இல் வந்தது. 149 சிசி, நான்கு வால்வு, ரேடியேட்டர், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். இன்றும் நம் ஊர்களில் நன்றாக ஓடுகிற வண்டி. அதை வைத்திருப்பவர் டயர் கடைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "பின்னாடி 130 போடலாமாண்ணே?" என்பதுதான். 'போடலாம்' என்று சொல்லிவிட நிறையப் பேர் இருக்கிறார்கள். கணக்கு போட்டால் பதில் வேறாக வருகிறது.

கம்பெனி கொடுத்த பின் டயர் 100/80-17. அகலம் 100 மி.மீ., பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், அதாவது 80 மி.மீ. 17 அங்குல ரிம் 431.8 மி.மீ. மேலும் கீழும் பக்கச்சுவரைச் சேர்த்தால் விட்டம் 591.8 மி.மீ., சுற்றளவு 1,859 மி.மீ. இதே கணக்கில் 130/70-17 டயரின் விட்டம் 613.8, சுற்றளவு 1,928 மி.மீ. 3.7 சதவீதம் பெரிய சக்கரம். ஸ்ப்ராக்கெட்டை மாற்றாமல் இந்த டயரை மட்டும் போட்டால், பின்னால் உள்ள 42 பல்லைக் கழற்றிவிட்டு நாற்பதரைப் பல் மாட்டியதற்குச் சமம். சிறிய இன்ஜின், 17 குதிரைத்திறனும் 8,500 சுற்றில்தான் கிடைக்கிறது. இழுவை குறைவதை முதல் மேம்பாலத்திலேயே உணரலாம்.

அதோடு முடியவில்லை. பின் அச்சு 11 மி.மீ. உயரும், முன்பக்கம் உயராது. 1,290 மி.மீ. வீல்பேஸில் வண்டி ஏறக்குறைய அரை டிகிரி முன்னோக்கிச் சாயும். ரிம் இன்னும் முக்கியம். 100/80-க்குப் பொருத்தமான ரிம் அகலம் சுமார் 2.5 அங்குலம், 130/70-க்கு சுமார் 3.5. குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, முதுகு கூம்பிக்கொள்ளும். பார்வைக்கு 130, தரையில் படுவது நடுப்பட்டை மட்டும். காசு கொடுத்து வாங்கிய அகலம் வளைவில் சாய்க்கும்போது எதிர்பார்த்தபடி உதவாது.

2011-இல் இரண்டாம் பதிப்புக்கு யமஹாவே 130/70-17 போட்டதே என்று கேட்கலாம். போட்டது, உண்மை. ஆனால் கூடவே ரிம்மை அகலமாக்கியது, ஸ்விங்ஆர்மை அலுமினியத்துக்கு மாற்றியது, வீல்பேஸை 1,345 மி.மீ. ஆக்கியது, செயின் விகிதத்தையும் 42/14-இலிருந்து 47/15-க்கு, அதாவது 3.000-இலிருந்து 3.133-க்கு உயர்த்தியது. 4.4 சதவீதக் கூடுதல். சக்கரம் 3.7 சதவீதம் பெருத்ததை ஸ்ப்ராக்கெட் ஈடுகட்டிவிட்டது. கம்பெனி ஐந்து இடத்தில் கைவைத்துச் செய்ததை நாம் ஒரே இடத்தில் செய்யப் பார்க்கிறோம்.

இனி விலை. கீழே வருபவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட தோராயத் தொகைகள். கம்பெனியைப் பொறுத்தும் கடையைப் பொறுத்தும் மாறும், கூலி தனி. 100/80-17 டயர் 2,500 ரூபாய், 130/70-17 டயர் 4,000. வித்தியாசம் 1,500. அதே பில்லில் என்னென்ன வாங்கலாம்? முன்பின் வீல் பேரிங் 550, ஹேண்டில்பார் கோன் செட் 650, பின் சக்கரக் கப்ளிங் ரப்பர் 250, டாட் 4 பிரேக் ஆயில் 150. மொத்தம் 1,600. நூறு ரூபாய் கூடப் போட்டால் இந்த நான்கும் வந்துவிடும். பழைய வண்டி வளைவில் ஆடுகிறது என்றால் இவற்றில் முதல் மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும் என்று முதலில் சந்தேகப்படுவேன். டயர் அகலத்தைக் குறை சொல்வதெல்லாம் அதற்கப்புறம்.

பேரிங்கைப் பார்க்க டயர் மாற்றும் நாளே தோது. சக்கரம் எப்படியும் வெளியே வரும். அச்சுக்கம்பியை உருவியதும் சுண்டுவிரலை உள்வளையத்துக்குள் விட்டு மெல்லச் சுழற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுழன்றால் சரி. மணல் நெறிபடுவது போல விரலில் தட்டினாலோ ஓரிடத்தில் சிக்கி நகர்ந்தாலோ, சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கப்ளிங் ரப்பரையும் அப்போதே எடுத்துப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பினால் 'தடக்' என்று ஆட்டம் கொடுத்தால் ரப்பர் செத்துவிட்டது.

செயினுக்கு ஒரு ஸ்கேல் போதும். 428 செயினில் பின்னுக்குப் பின் 12.7 மி.மீ. இருபது கண்ணி 254 மி.மீ. இழுத்துப் பிடித்து அளந்து 256.5 காட்டினால் ஒரு சதவீதம் நீண்டிருக்கிறது, விலை விசாரிக்கத் தொடங்கலாம். 259 காட்டினால் இரண்டு சதவீதம், அதற்கு மேல் ஓட்டக்கூடாது. செயினை மட்டும் மாற்றி ஸ்ப்ராக்கெட்டை விட்டுவைப்பது வீண். பின் சக்கரம் கிலோமீட்டருக்கு 538 முறை சுற்றுகிறது. முன் ஸ்ப்ராக்கெட் அதைப்போல மூன்று மடங்கு, 1,614 முறை. 20,000 கிலோமீட்டருக்குள் மூன்று கோடியே இருபது லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிவிட்ட 14 பல் அது. கொக்கியாக வளைந்த அந்தப் பல் புதுச் செயினைச் சில ஆயிரம் கிலோமீட்டரில் தின்றுவிடும். செட்டாகவே வாங்குங்கள். கைக்கணக்கில் 2,000 ரூபாய்.

டயர் எப்போது மொட்டை? இரு சக்கர வாகனத்துக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சப் பள்ளம் 0.8 மி.மீ. புது டயரில் 6 மி.மீ. இருந்து, 5,000 கிலோமீட்டரில் 4.5 ஆனது என்று கொள்வோம். இதே வேகத்தில் தேய்ந்தால் 15,000-இல் 1.5 மி.மீ., 17,300-இல் 0.8. சட்ட எல்லைவரை இழுத்தால் கூடுதலாகக் கிடைப்பது 2,300 கிலோமீட்டர். டயர் செலவு கிலோமீட்டருக்கு 17 காசுதான் என்பதால் மிச்சம் சுமார் 390 ரூபாய். ஐப்பசி மழையில், எண்ணெய் படிந்த சிக்னலில் தேய்ந்த டயரோடு பிரேக் பிடிப்பதற்கு இது மிகக் குறைந்த தொகை. நான் 1.5-இலேயே மாற்றச் சொல்வேன். லிட்டருக்கு 40 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் அந்த 15,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோலே 37,500 ரூபாய் ஆகியிருக்கும்.

ஆனால் பழைய ஆர்15 வைத்திருப்பவர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பவர்கள். ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் ஓட்டினால் 15,000 முடிய ஏழரை வருடம். பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் இறுகிவிடும். இவர்களுக்கு 'ரொம்ப நாள் உழைக்கும்' டயர் தேவையே இல்லை. அளவை மாற்றாமல், மென்மையான ரப்பரில் நல்ல பிடிமானமுள்ளதை வாங்கலாம். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கடை அலமாரியில் மூன்று வருடம் தூங்கிய டயரைத் தள்ளுபடியில் தந்தாலும் வேண்டாம். பக்கத்திலேயே 52பி என்று இருக்கும்: 200 கிலோ பாரம், 150 கிலோமீட்டர் வேகம். இந்த வண்டிக்குப் போதும்.

பிரேக் ஆயிலுக்கும் ஹோஸுக்கும் ஓடிய தூரத்தைவிட வருடம்தான் கணக்கு. ஆயில் 2 வருடம், ஹோஸ் 4 வருடம். 2010-இல் வாங்கிய வண்டிக்கு 2014, 2018, 2022 என மூன்று முறையாவது ஹோஸ் மாறியிருக்க வேண்டும். ஒருமுறைகூட மாறாதவைதான் அதிகம். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். ஏற்காடு மலையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போவதற்கு இதுவும் ஒரு காரணம். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் புது பேட் போட்டுப் பயனில்லை.

கையில் 3,000 ரூபாய்தான் இருக்கிறது, டயரில் இன்னும் 2.5 மி.மீ. மிச்சம், ரப்பரும் வெடிக்கவில்லை என்றால், இந்த மாதம் பிரேக் ஆயில், ஹோஸ், வீல் பேரிங், கோன் செட். டயர் அடுத்த போனஸில், 100/80-ஆகவே.