போரில் காலிழந்தோரும் ஜெய்ப்பூர்க் காலும்

கண்ணிவெடி, போர் ஓய்ந்த பின்னரும் ஓயாத படைக்கருவியாகும். வயலுக்குச் செல்லும் உழவரும் விறகு பொறுக்கும் பெண்டிரும் அதனால் காலிழக்கின்றனர். இத்தகையோர்க்கான அறப்பணியில் ஜெய்ப்பூர்க் காலுக்குத் தனியிடம் உண்டு. அதற்கான காரணத்தை இங்கு நோக்குவோம்.

மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் காலணி அணிவோர்க்கென அமைந்தது. அதனைப் பொருத்திக்கொண்டு சம்மணமிடவோ குந்தவோ சேற்றில் இறங்கவோ இயலவில்லை. இக்குறையைப் போக்க, 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் ரப்பரும் மரமும் கொண்டு புதிய பாதமொன்றை உருவாக்கினர். அது வளைந்து கொடுத்தது. காலணியின்றி நடக்கவும் உதவியது. 1975இல் ஜெய்ப்பூரில் தோன்றிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி இதனை இலவசமாக வழங்கி வருகின்றது. ஆப்கானிஸ்தான், கம்போடியா, இலங்கை ஆகிய நாடுகளில் போரால் காலிழந்தோரும் இக்காலால் பயன்பெற்றுள்ளனர்.

எனினும், செயற்கைக் கால் ஒருமுறை அளித்ததும் முடிந்துவிடும் கொடையன்று. தேய்ந்தால் மாற்ற வேண்டும். குழந்தை வளருந்தோறும் புதிதாகப் பொருத்த வேண்டும். போர்ச் செய்திகள் மறைந்ததும் நன்கொடை குறையலாம், தேவையோ குறைவதில்லை. ஆதலின், உள்ளூரிலேயே செய்யவும் செப்பனிடவும் வல்ல பட்டறைகள் இன்றியமையாதவை. பெறுவோரின் வாழ்க்கைமுறையை அறிந்து, அவர்தம் வாழ்நாள் முழுவதும் தொடர்வதே நிறைவான அறம் என நாம் கருதுகிறோம்.