ரோபோ செய்தவர்களின் திராட்சைத் தோட்டம்

ஷேக்கி என்று ஒரு ரோபோ. சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்த்து, யோசித்து, தானே வழி கண்டுபிடித்து நகர்ந்த ரோபோக்களில் அதுதான் முன்னோடி. அது பிறந்த ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியவர் சார்லி ரோசன். அவர் சனி ஞாயிறுகளில் எங்கே இருந்தார் தெரியுமா? மலை உச்சியில், திராட்சைக் கொடிகளுக்கு நடுவே!

கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் டேவ் பென்னியன், ஹியூ கிரேன், ஹோவர்ட் ஸைட்லர். கிரேன், கண்ணின் அசைவைத் துல்லியமாகப் பின்தொடரும் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவர். இப்படிப்பட்ட மூளைக்காரர்கள் சேர்ந்து 1959-இல் சாண்டா குரூஸ் மலைகளில், மான்டே பெல்லோ என்ற மேட்டில் நிலம் வாங்கினார்கள். அந்த மேட்டுக்குத் திராட்சை புதிதல்ல. ஓசியா பெரோனே என்ற மருத்துவர் 1880களிலேயே அங்கே நிலம் வாங்கி, சரிவைப் படிப்படியாக வெட்டிக் கொடி நட்டு, உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லால் ஒயின் கூடமும் கட்டியவர். அவர் நிலத்துக்குச் சற்றுக் கீழே, கேட்பாரற்றுக் கிடந்த ஒரு தோட்டத்தை 1940களில் வில்லியம் ஷார்ட் என்ற இறையியலாளர் வாங்கி, கேபர்னே சாவிஞான் கொடிகளை நட்டார். நண்பர்கள் கைக்கு வந்தது இந்தத் தோட்டம்தான்.

அந்த வருடமே கால் பீப்பாய் ஒயின் போட்டுப் பார்த்தார்கள். வெறும் கால் பீப்பாய்! ஆனால் அதைக் குடித்துப் பார்த்ததும் அவர்களால் சும்மா இருக்க முடியவில்லை. 1960, 61 அறுவடைகளும் அதே தரத்தில் வர, 1962-இல் முறைப்படி உரிமம் எடுத்து ஒயின் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். ‘ரிட்ஜ்’ பிறந்தது.

கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்ப்போமா? இங்குதான் வேடிக்கையே. கறுத்த திராட்சையைப் பிழிந்தால் வரும் சாறு கிட்டத்தட்ட நிறமே இல்லாதது. அந்த ரத்தச் சிவப்பு முழுக்கத் தோலில் இருக்கிறது. அதனால் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுவார்கள். திராட்சையோடு வந்த ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். தொட்டி சூடாகும், நுரைக்கும், பொங்கும்! கரியமில வாயு தோல்களையெல்லாம் மேலே தள்ள, அவை பாலாடை போலத் தடித்து மிதக்கும். அப்படியே விட்டால் மேற்பரப்பு காய்ந்து கெட்டுவிடும்; நிறமும் இறங்காது. தோலை அமுக்கி, சாற்றில் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பகலில் மின்னணுச் சுற்றுகளோடு மல்லாடும் பொறியாளர்கள், வாரக் கடைசியில் இந்தப் பொங்கும் தொட்டிகளைச் சுற்றி நிற்பதை நினைத்துப் பாருங்கள்!

வேலை முழுக்கக் குடும்பங்களோடுதான். பாழடைந்த படிச்சரிவுகளை மீட்டு, 15 ஏக்கராக இருந்த தோட்டத்தை 45 ஏக்கராக்கினார்கள். மலை அடிவாரத்துச் சமவெளி அன்று பழத்தோட்டங்களுக்குப் பேர்போனது. இன்று அதை சிலிக்கான் பள்ளத்தாக்கு என்கிறோம்! பென்னியனை ஒயின் மொத்தமாகவே பிடித்துக்கொண்டது. 1967-இல் ஆராய்ச்சி வேலைக்கே முழுக்குப் போட்டார்.

1969-இல் பால் டிரேப்பர் வந்து சேர்ந்தார். படித்தது தத்துவம், ஒயினைக் கையால் செய்து கற்றவர். நண்பர்கள் ஏற்கெனவே எடுத்திருந்த 1962, 64 ஒயின்களின் ருசிதான் அவரைக் கட்டிப்போட்டது. பயிற்சி பெற்ற ஒயின்காரர் ஒருவர்கூட இல்லாமல் செய்த ஒயின் அது! மலையும் மண்ணும் தந்ததைக் கெடுக்காமல் விட்டதே அவர்களின் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நான் அடித்துச் சொல்வேன். டிரேப்பரும் அதே வழியில்தான் போனார்.

1976-இல் பாரிஸில், பிரான்ஸின் ஜாம்பவான்களோடு கலிஃபோர்னிய ஒயின்களையும் பெயரை மறைத்து ருசி பார்த்தார்கள். ரிட்ஜின் 1971-ஆம் வருட மான்டே பெல்லோ, சிவப்பு ஒயின்களில் 5-ஆம் இடம் பிடித்தது. 2006-இல் லண்டனிலும் கலிஃபோர்னியாவின் நாபாவிலும் அதே பழைய ஒயின்களுக்கு மறுபோட்டி. 35 வயதான அந்த 1971-க்கு முதலிடம்!

இன்று ரிட்ஜ் பாட்டில் கையில் கிடைத்தால் பின்பக்க லேபிளைப் படியுங்கள். 2011 அறுவடையிலிருந்து, உள்ளே என்னென்ன போனது என்று அச்சிடுகிறார்கள். அன்றைய ஒயின் உலகில் இது அபூர்வம். கையால் பறித்த திராட்சை, அதனோடு வந்த ஈஸ்ட், பீப்பாயின் ஓக் மரம், கொஞ்சம் கந்தக டை ஆக்சைடு என்று சின்னப் பட்டியல்தான் இருக்கும்.