விற்கவும் மனமில்லை, ஓட்டவும் ஆளில்லை!

உங்கள் வீட்டில் பழைய கார் ஒன்று இருக்கிறதா? இல்லையென்றால் நேரே தொடர்கதைக்குப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் போவதற்கு முன் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரியப்பா வீட்டு ஷெட்டில் ஓர் அம்பாஸிடர்? மாமனார் வீட்டு வாசலில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஒரு பியட்? அல்லது நீங்களே கல்யாணமான புதிதில் நகையை வைத்து வாங்கிய மாருதி 800? "அதை யாருக்காவது கொடுத்துவிடலாமே" என்று ஒருவர் வாயைத் திறக்க வேண்டியதுதான். வீட்டில் இரண்டு நாள் மௌன விரதம்!

எங்கள் மேற்கு மாம்பலத்துத் தெருவில் அப்படி ஒரு பியட் இருந்தது. 1966-ம் வருஷத்து வண்டி. 'பியட் 1100 டிலைட்' என்று அன்றைக்குப் பெயர். பம்பாயில் பிரீமியர் கம்பெனி செய்தது. அதே வண்டிதான் பிற்காலத்தில் 'பத்மினி' என்று பெயர் மாற்றிக்கொண்டு, இந்த நூற்றாண்டு பிறக்கும்வரை வந்துகொண்டிருந்தது. 1089 சி.சி. இன்ஜின். கியர் தரையில் இல்லை, ஸ்டீயரிங் தண்டில். பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. இன்று காலையில் பார்த்துச் சாயங்காலம் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற பிள்ளைகளுக்கு, ஒரு கார் வீட்டுக்கு வந்த அன்று தெருவே கூடி நின்றதென்று சொன்னால் சிரிப்பாக இருக்கும்.

அந்த வீட்டு மாமா 2021-ல் காலமானார். வண்டி ஷெட்டிலேயே நின்றது. பிறகு வீட்டையே பில்டரிடம் கொடுத்து அடுக்குமாடியாகக் கட்டத் தீர்மானமாயிற்று. அவர்கள் பங்குக்கு வருவது ஒரு பிளாட். ஒரு பிளாட்டுக்கு ஒரு கார் நிறுத்தும் இடம். அந்த ஒன்றில் சின்னப் பிள்ளை தினம் ஆபீசுக்கு எடுத்துப் போகும் கார் நிற்கும். அப்படியானால் பியட்?

அந்த வீட்டு நாட்டுப்பெண் என் சிநேகிதி. ஒரு நாள் மத்தியானம் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து புலம்பினாள். "வித்துடலாம்னு சொன்னா என்னைத்தான் கல்நெஞ்சுக்காரின்னு சொல்லுவா. பெங்களூர்லேருந்து மச்சினர் போன் பண்ணி, அப்பா காரை வித்தா அம்மா உயிர் போயிடும்கறார். இவரும் அதேதான். அம்மா முகத்தைப் பார்த்து ஒருத்தருக்கும் கேக்கத் தைரியமில்லே!"

சகோதரிகளே, இந்த இடத்தில் மனசைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இரும்பைப் பார்க்க வேண்டும். ஓடாத கார் சும்மா இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது சும்மா இருப்பதில்லை; கெட்டுக்கொண்டிருக்கிறது. பாட்டரி சில வாரங்களில் உயிரை விடும். டாங்கியில் தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் சிறு துவாரங்களை அடைக்கும். பிரேக் சிலிண்டருக்குள் ஈரம் இறங்கித் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். டயர் ஒரே பக்கமாக அழுந்தித் தட்டையாகும். எலி ஒயரைக் கடிப்பதைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை நாலைந்து மைல் ஓடுகிற கிழவண்டி, வருஷத்துக்கு ஒரு முறை ஆயுத பூஜைக்கு மட்டும் குங்குமம் வைத்துக்கொள்ளும் வண்டியைவிட நெடுநாள் இருக்கும்.

இப்போது இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. 2025-ல் நம் பெட்ரோலில் எத்தனால் நூற்றுக்கு 20 பங்கு வரை வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாபிரத்தையும் மெல்ல அரிக்கும். வண்டியை வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தால் இவற்றை மாற்றுவதுதான் முதல் வேலை. பெட்ரோல் ஒழுகும் குழாயில் பழைய நினைவுக்கு இடமில்லை. அது நெருப்பு சமாசாரம்.

என் சிநேகிதி புதுப்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தாள். பழைய சாமான்களின் சமுத்திரம் புதுப்பேட்டை. அங்கே கிடைக்காத பாகம் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும் என்பார்கள். அந்த மனிதர் இன்ஜின் பக்கமே போகவில்லை. நேரே கதவைத் திறந்து, கால்விரிப்பைத் தூக்கி, ஸ்குரூ டிரைவரால் தரையைக் குத்தினார். அது பொத்துக்கொண்டு ஷெட்டுத் தரையைத் தொட்டது! 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஸீட் உயரத்துக்குத் தண்ணீரில் நின்ற வண்டி அது. மாமா அப்போதே இன்ஜினைப் பிரித்து வேலை செய்துவிட்டார். ஆனால் விரிப்புக்குக் கீழே தங்கிய ஈரம் ஒன்பது வருஷமாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"அம்மா, இன்ஜினைக் கண்டு பயப்படாதீங்க. போர் பண்ணலாம், பிஸ்டன் போடலாம். பாடியைக் கண்டு பயப்படுங்க" என்றார். இந்த பியட்டுக்கு லாரி மாதிரித் தனிச் சட்டம் கிடையாது, பாடியேதான் சட்டமும். தரையும் பக்கமும் துருப்பிடித்தால் எலும்பே உளுத்த மாதிரி. டிங்கரிங், பெயிண்ட், பிரேக், ஒயரிங் எல்லாமாக அவர் சொன்ன தொகை, புது அடுக்களைக்கென்று சிநேகிதி ஒதுக்கி வைத்திருந்த பணத்துக்குச் சரியாக இருந்தது. 'பெண்ணே, மாமனாரா மிக்ஸியா?' என்று விதி கேட்டமாதிரி!

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தைத் தீர்த்துவிடுகிறேன். பதினைந்து வருஷம் ஆனால் காரை உடைத்தே ஆகவேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துவார். டில்லியில் பழைய வண்டிகளைப் பற்றிக் கோர்ட்டு உத்தரவுகள் வந்தது வாஸ்தவம். நம் ஊரில் சொந்தக் காருக்கு அப்படியில்லை. முதல் 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாக ரிஜிஸ்திரேஷனைப் புதுப்பித்துக்கொள்ளலாம், வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, அது ஓடத் தகுதியானதென்று தேற வேண்டும். கட்டணம்தான் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து ஒரே தாவலாக 5,000 ஆயிற்று. மிகவும் கிழ வண்டிகளுக்கு 2025-ல் இன்னும் ஏறியது. 50 வயது தாண்டிய, உருமாறாத வண்டிகளுக்கு 2021-ல் 'விண்டேஜ்' என்று தனி விதி போட்டார்கள். 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்குக் கௌரவமான தனி நம்பர். ஆனால் அதில் தினம் கறிகாய் வாங்கப் போக முடியாது. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான். உடைக்கத்தான் போகிறீர்களென்றால், அரசாங்கத்தில் பதிவான இடத்தில் கொடுத்து அத்தாட்சி வாங்குங்கள். அது இருந்தால் புதுக் காருக்குச் சாலை வரியில் சலுகை உண்டு. தெருமுனைக் காயலான் கடையில் போட்டால் சலுகையும் கிடையாது, உங்கள் பேரில் ஒரு வண்டி எங்கோ இருக்கிற மாதிரிக் கணக்கும் நிற்கும்.

சரி, மாமியிடம் யார் கேட்டது என்கிறீர்களா? கடைசியில் நானேதான் கேட்டேன். அயலாளுக்கு அந்த ஒரு சௌகரியம் உண்டு. மாமி அரிசி களைந்துகொண்டிருந்தார். 84 வயசு.

"மாமி, அந்தக் காரைப் பார்த்தா மாமா ஞாபகம் வரதோன்னோ?"

"அவர் ஞாபகத்துக்கு ஹால்ல படம் மாட்டியிருக்கேடி. கார் என்னத்துக்கு?"

நான் திகைத்துப்போனேன். அப்புறம்தான் கதை வந்தது. மாமா பணம் கட்டினாரே தவிர, அவருக்கு ஓட்டத் தைரியம் போதவில்லையாம். 1969-ல் விடியற்காலையில் மெரினா கடற்கரைச் சாலையில் ஓட்டக் கற்றுக்கொண்டது மாமி! மடிசாருடன் ஸ்டீயரிங்கைப் பிடித்தவரைப் பார்க்கப் பால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பாராம். குழந்தைகளைப் பள்ளிக்கூடம் கொண்டு விட்டது, நாத்தனாரைப் பிரசவத்துக்கு நடுராத்திரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தது, கண் ஆபரேஷன் ஆகிற வரையில் நாற்பது வருஷம் அந்த வண்டியை ஓட்டியது எல்லாம் அவர்தான். மாமா பக்கத்தில் உட்கார்ந்து "ஹாரன்! ஹாரன்!" என்பாராம். ஊருக்கெல்லாம் அது 'மாமா வாங்கின கார்'; ஓட்டினது யார் என்பது பிள்ளைகளுக்கே மறந்துபோயிருந்தது.

"அது இப்படி நிக்கறதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கலே. ஆனா ரெண்டு பிள்ளைகளும் அப்பா கார், அப்பா கார்னு உருகறா. அவாளுக்காக நான் வாயை மூடிண்டிருந்தேன்."

அவர்களோ இவருக்காக! மூன்று வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நடுவில் ஒரு வண்டி உளுத்துக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டில் எப்படியோ, ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். யாருடைய ஞாபகம் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அவரையே கேளுங்கள். வாராவாரம் அதை எடுத்து ஓட்ட வீட்டில் ஒருவர் இருந்தால் வைத்துக்கொள்வதே சரியென்பது என் அபிப்பிராயம். துருவுக்குச் செலவழியுங்கள், வீணில்லை. ஆனால் பிரேக்கும் பெல்ட்டும் மறக்காதீர்கள். நாலு சக்கரத்துக்கும் பழைய டிரம் பிரேக், ஸீட் பெல்ட்டோ கிடையவே கிடையாது. பேரக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிற வண்டியல்ல அது. ஓட்ட ஆளில்லையென்றால், இன்னும் ஓடும்போதே ஓட்டுகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

மாமி வீட்டில் விற்பதென்று முடிவாயிற்று. உடனே ஒரு முட்டுக்கட்டை: ஆர்.சி. புத்தகத்தில் மாமா பெயர்! சொந்தக்காரர் காலமானால் மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறோம். இவர்களும் மறந்து அபராதம் கட்டினார்கள். அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. ஐம்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கார் முதல் முறையாக மாமியின் பெயருக்கு வந்தது. இருபத்து மூன்று நாள் அவர் அதன் சொந்தக்காரர். அந்த அட்டையைப் பூஜை அலமாரியில் வைத்திருந்தார்.

இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள். ஒருவர் ஹோட்டல்காரர், வாசலில் அலங்காரமாக நிறுத்தி வைக்கிறேன் என்று நாற்பதாயிரம் அதிகமாகவே சொன்னார். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சபலந்தான். மாமி, "நிக்கறதுக்கா? அதைத்தான் இங்கேயே பண்ணிண்டிருக்கே!" என்று சொல்லிவிட்டார். இன்னொருவர் முப்பது வயதுப் பையன். பழைய கார்ப் பைத்தியம். தரைத் தகட்டைத் தானே வெட்டிப் போட்டுக்கொள்வதாகச் சொன்னான். குறைந்த விலைக்கு அவனுக்கே.

அவன் வண்டியை எடுக்க வந்த அன்று நானும் போயிருந்தேன். புதுப் பாட்டரி போட்டு, குழாய் மாற்றி, இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் கிளம்பிற்று. பெரிய பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமி கைத்தடியை நாட்டுப்பெண்ணிடம் கொடுத்துவிட்டு முன் ஸீட்டில், மாமா உட்காரும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். தெருமுனைவரை போய்த் திரும்பி வருவதாக ஏற்பாடு.

பையன் சோக்கை இழுத்தான்.

"அவ்வளவு வேண்டாம்ப்பா, பாதி போறும்" என்றார் மாமி. "அப்புறம் இன்னொண்ணு. வண்டி சூடாகிற வரைக்கும் செகண்ட் கியர் கொஞ்சம் பிடிவாதம் பண்ணும். தள்ளாதே. ஒரு நிமிஷம் நிறுத்தி, நியூட்ரல்ல விட்டுட்டுக் கேளு. தானா விழும்."